கோழி இறைச்சிக்கு உண்ணத்தக்க உறை: காப்பா, திரையா?

மனிதன் உணவைத் தேடக் கற்றுக்கொண்ட நாள் முதலாகவே, தேடிய உணவைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் வழிகளையும் தேடிவந்திருக்கிறான். உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல், எண்ணெயில் ஊறவைத்தல் முதலிய பழைய முறைகளுடன், சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் டப்பாவில் அடைத்தலும் குளிரூட்டலும் வந்து சேர்ந்தன. இப்போது விஞ்ஞானிகள் மற்றொரு முறையை நம் முன் வைக்கின்றனர். இறைச்சியோடு சேர்த்து உண்ணத்தக்கதும், கிருமிகளின் பெருக்கத்தைத் தானே தடுக்க வல்லதுமான மெல்லிய படலத்தால் இறைச்சியைப் போர்த்திக் குளிர்பெட்டியில் வைப்பதே அம்முறையாகும். கோழி இறைச்சியைப் பற்றிய ஆராய்ச்சிகளில் இப்படலங்கள் இன்று பெரிதும் பேசப்படுகின்றன.

நம் நாட்டுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. மத்திய அரசின் கால்நடைத் துறை வெளியிட்ட புள்ளிவிவரங்களின்படி, 2021-22ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தி சுமார் 92.9 இலட்சம் டன். அதில் கோழியினங்களிலிருந்து கிடைத்தது சுமார் 47.8 இலட்சம் டன். அதாவது, மொத்தத்தில் பாதிக்கும் சற்று அதிகம். நம் மக்கள் உண்ணும் இறைச்சியில் முதலிடம் பெற்றுவிட்ட ஒரு பொருளை எவ்வாறு காப்பது என்பது பொது நலம் பற்றிய வினாவாகும். இப்புதிய படலத்தை நாம் வரவேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து. ஆயினும், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தெளிவாக உணர்ந்து, சில நிபந்தனைகளை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு வரவேற்பதே அறிவுடைமை.

படலம் என்பது யாது?

பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் மேலே ஓர் ஏடு படிகிறதன்றோ? புரதமும் கொழுப்பும் சேர்ந்து உருவாகும் அந்த ஏடு, இயற்கை நமக்குக் காட்டும் உண்ணத்தக்க படலங்களுள் ஒன்று. மருந்தைப் பொதிந்து வரும் ஜெலட்டின் கூடு மற்றொன்று. உணவை உண்ணத்தக்க பொருளாலேயே மூடிக் காக்கும் எண்ணமும் பழையது. சீனத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய பழங்களின் மீது மெழுகு பூசி அனுப்பும் வழக்கம் இருந்தது. ஐரோப்பாவில் இறைச்சியைக் கொழுப்பால் மூடி வைத்தனர். பிற்காலத்தில், விலங்குகளின் தோலிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன உறைகள் இறைச்சிக் குழல்களுக்குப் பயன்படத் தொடங்கிப் பெருந்தொழிலாகவே வளர்ந்தன.

இன்றைய படலங்கள் மூவகைப் பொருள்களால் ஆனவை. மாவுப்பொருள், கடற்பாசிகளிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், காராஜீனன், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் ஆகியவை ஒருவகை. ஜெலட்டின், பால் புரதம், சோயாப் புரதம் ஆகியவை இரண்டாவது வகை. தேன்மெழுகு போன்ற கொழுப்பினப் பொருள்கள் மூன்றாவது வகை. இவற்றைக் கரைத்து, முறியாமல் வளைவதற்காகச் சிறிது கிளிசரின் சேர்த்து, மெல்லிய தாளாக உலர்த்துகின்றனர். அல்லது கரைசலில் இறைச்சியையே தோய்த்தெடுக்கின்றனர்.

இத்துடன் நின்றால் அது வெறும் உறையே. கிருமிகளைத் தடுக்கும் பொருளையோ, கொழுப்பு கெடுவதைத் தடுக்கும் பொருளையோ அதில் சேர்க்கும்போது அது வினைபுரியும் படலமாகிறது. ஓமத்திலுள்ள தைமால், கிராம்பிலுள்ள யூஜினால், பாலில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் நைசின், முட்டையின் வெண்கருவிலுள்ள லைசோசைம் ஆகியவை இவ்வாறு சேர்க்கப்படும் பொருள்களுள் சில. லைசோசைமை 1922ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர், பின்னர் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார். ஆகவே, படலத்தில் சேரும் பொருள்களிற் பல நம் சமையலறைக்கும் விஞ்ஞானத்திற்கும் நெடுங்காலம் பழக்கமானவையே.

குளிரிலும் கோழி கெடுவது ஏன்?

கோழி இறைச்சியில் நீரும் புரதமும் நிறைந்திருக்கின்றன. அதன் கொழுப்பு, ஆட்டுக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் காட்டிலும் எளிதில் பிராணவாயுவோடு சேர்ந்து கெடும் தன்மையது. தோலின் மடிப்புகளிலும் இறகு பிடுங்கிய துளைகளிலும் நுண்ணுயிர்கள் தங்க இடமுண்டு. மார்பு இறைச்சியைவிடக் கால் இறைச்சியில் அமிலத்தன்மை குறைவு. ஆதலின் அது இன்னும் விரைவாகக் கெடுகிறது.

குளிர்பெட்டியில் 0 முதல் 4 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையில் வைத்தால் பல கிருமிகளின் வளர்ச்சி தடைப்படும் என்பது உண்மை. ஆயினும், சூடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் குளிரிலும் பெருகக் கூடியவை. காற்றுப்படும்படி வைத்த இறைச்சியில் வழவழப்பும் துர்நாற்றமும் உண்டாக்குபவை பெரும்பாலும் இவையே. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 கோடியை எட்டியதும் நாற்றம் தொடங்கி, 10 கோடியை நெருங்கும்போது வழவழப்புத் தெரிகிறது.

இங்கே ஒரு சிறு கணக்கை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். நுண்ணுயிர்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுபவை. தூய்மையாக அறுத்துச் சுத்தம் செய்த கோழியின் மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 உயிர்கள் இருப்பதாகக் கொண்டால், அவை 1 கோடியாவதற்குப் பதின்மூன்று முறைக்கு மேல் இரட்டிக்க வேண்டும். அசுத்தமாகக் கையாளப்பட்ட கோழியின் மீது தொடக்கத்திலேயே 1 இலட்சம் இருந்தால், ஏறத்தாழ ஏழு முறை இரட்டித்தாலே போதும். படலம் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஆகும் நேரத்தை நீட்டுகிறது. இரட்டிப்புகளின் எண்ணிக்கையையோ அறுப்புக்கூடத்தின் தூய்மையே நிர்ணயிக்கிறது. தூய்மை கெட்ட இடத்தில் படலத்தால் கிடைக்கும் பயனும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும்.

படலம் செய்யும் நன்மை

கைட்டோசானின் மூலக்கூறுகள் அமிலத்தன்மையுள்ள சூழலில் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. பாக்டீரியாவின் புறச்சுவரோ எதிர்மின்னேற்றம் உடையது. இவை இரண்டும் பற்றிக்கொள்ளும்போது சுவர் சிதைந்து உள்ளிருப்பவை கசிந்துவிடுகின்றன என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். ஓமம், கிராம்பு ஆகியவற்றின் எண்ணெய்களும் உயிரணுவின் சவ்வையே தாக்குகின்றன. நைசின் ஒருசார் பாக்டீரியாக்களிடத்து மிகுந்த வலிமை காட்டினாலும், சூடோமோனாஸ் போன்று மேலும் ஒரு புறச்சவ்வு உடையவற்றினிடம் தனித்து நின்று வெல்ல இயலாது. அதற்குத் துணைப்பொருள் வேண்டும். ஒரே பொருளை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து விஞ்ஞானிகள் சோதிப்பதற்கு இதுவே காரணம்.

இப்பொருள்களை நேராக இறைச்சியின் மீது தெளித்துவிடலாகாதோ எனக் கேட்கலாம். தெளித்தால் அவை இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் கலந்து விரைவில் வலிமை இழந்துவிடுகின்றன. படலத்தில் அடைத்து வைத்தால் சிறிது சிறிதாக வெளிப்பட்டு, கிருமிகள் தங்கும் மேற்பரப்பிலேயே பல நாட்கள் நின்று தொழிற்படுகின்றன. இறைச்சி முழுவதிலும் மருந்தைக் கலப்பதைவிட, தேவையான இடத்தில் தேவையான அளவு வைப்பது சிக்கனமும் ஆகும்.

இதற்கான மூலப்பொருள்கள் நம் நாட்டிலேயே கிடைப்பது மற்றொரு சிறப்பு. இறால் ஏற்றுமதித் தொழில் நடக்கும் கடற்கரைகளில் ஓடும் தலையும் மலைபோற் குவிகின்றன. 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுக் கொச்சியில் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், இக்கழிவிலிருந்து கைட்டினையும் கைட்டோசானையும் பிரித்தெடுக்கும் முறைகளை வகுத்துத் தொழில் முனைவோருக்கு வழங்கியுள்ளது. மன்னார் வளைகுடாவில் ஆல்ஜினேட் தரும் பழுப்புப் பாசிகள் வளர்கின்றன. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் காராஜீனன் தரும் பாசியை மீனவர் குடும்பங்கள் பயிரிடுகின்றன. 1950ஆம் ஆண்டில் மைசூரில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இறைச்சிப் பாதுகாப்பு, உணவு உறைகள் ஆகிய இரு துறைகளிலும் அனுபவம் பெற்றது. பொருளும் அறிவும் நம்மிடம் உள்ளன. இறால் ஓட்டைப் பதப்படுத்தும்போது வெளியேறும் அமில, காரக் கழிவுநீரை நல்வழியில் அகற்றும் பொறுப்பும் உடன் வருகிறது என்பதை மட்டும் மறத்தலாகாது.

ஆராய்ச்சிச்சாலைக்கும் கடைக்கும் இடையே

ஆராய்ச்சிச்சாலையில் ஒரு தட்டில் ஊற்றி உலர்த்தும் படலத்தைத் தொழிற்சாலையில் மைல் கணக்கில் உற்பத்தி செய்வது எளிதன்று. உலர்த்துவதற்கு நேரமும் எரிபொருளும் வேண்டும். மாவுப்பொருளாலும் புரதத்தாலும் ஆன படலங்கள் பிராணவாயுவை நன்கு தடுத்தாலும் ஈரத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஈரமான கோழியின் மீது அவை நீரை உறிஞ்சி ஊதி இளகிவிடுகின்றன. தேன்மெழுகைச் சேர்த்து இக்குறையைக் குறைக்க முயல்கின்றனர்.

உண்ணத்தக்க படலம் பிளாஸ்டிக் உறையை அடியோடு ஒழித்துவிடும் என்னும் பேச்சிலும் பாதியே உண்மை. வாயில் இடத்தக்க ஒரு பொருளைத் தூசியும் கையும் படும்படி திறந்து வைக்க முடியாது. அதற்கு மேல் ஒரு புற உறை தேவை. அப்புற உறையை மெல்லியதாகவும் எளியதாகவும் ஆக்கலாம் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

நம் வழக்கங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மேல்நாடுகளில் அதிக மணப்பொருளின்றிச் சமைக்கும் கோழியில் ஓம எண்ணெயின் வாசனை ஒரு குறையாகத் தோன்றலாம். மசாலையில் வேகும் நம் குழம்பில் அது வேற்று மணமாகத் தோன்றாது. ஆனால், நம் இல்லங்களில் கோழித் துண்டுகளை மஞ்சள்தூள் இட்டு இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே அடுப்பில் ஏற்றுகின்றனர். ஆகவே, உண்ணத்தக்க படலத்தின் பெரும்பகுதி உண்ணப்படாமலே நீரோடு போய்விடும். அதனால் நட்டமில்லை, படலத்தின் வேலை அதற்குள் முடிந்துவிட்டது. எனினும், மேல்நாட்டுச் சோதனை முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் அடுப்பங்கரைக்கு ஏற்பச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கெடாதது வேறு, புதியது வேறு

இனி, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். அரசாங்கக் குறிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டோர், ‘பிரெஷ்’ என்னும் சொல்லைக் கண்டதும் சிறிது தயங்குவர். அச்சொல் புதியது என்றும் பொருள்படும். கெடாதது என்றும் பொருள்படும். தமிழில் இவை இரண்டும் வெவ்வேறு. நேற்றுப் பறித்த மலரும் வாடாமல் இருக்கலாம். அதனால் அது இன்று பறித்த மலராகிவிடாது. படலம் இறைச்சியைக் கெடாமல் வைக்கலாம். அறுத்துப் பல நாட்களான இறைச்சியைப் புதியதாக்க அதனால் இயலாது. விளம்பரத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் குழைக்கப்படும்போதே ஆபத்துத் தொடங்குகிறது.

ஆபத்து எது? இறைச்சியை நாறவைக்கும் கிருமிகளும், மனிதனை நோயுறச் செய்யும் கிருமிகளும் பெரும்பாலும் வேறு வேறானவை. முன்னவை நமக்கு ஒரு வகையில் உதவியும் செய்கின்றன, நாற்றத்தால் எச்சரிக்கின்றன. பின்னவற்றுள் லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்பெட்டியின் உஷ்ணநிலையிலேயே மெல்ல வளரக் கூடியது. கருவுற்ற பெண்டிர்க்கும் முதியோர்க்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் அது பெருந்தீங்கு விளைவிப்பது. காம்ப்பிலோபாக்டர் குளிரில் வளராவிட்டாலும் உயிர் பிழைத்திருக்கக் கூடியது. சால்மொனெல்லாவைக் கடுங்குளிர் அடக்கி வைக்கிறது. குளிர் தளர்ந்ததும் அது தலைதூக்குகிறது. நாற்றம் தரும் கிருமிகளை மட்டும் ஒரு படலம் அடக்கிவிட்டால், எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு நோய்க்கிருமிக்குக் கூடுதல் நாட்களை வழங்கியதாகவே முடியும். படலத்திலுள்ள வாசனை எண்ணெய் இலேசான துர்நாற்றத்தை மூடவும் கூடும். சுற்றத்தார் கூடும் விருந்துக்கென வாங்கிய கோழியை முகர்ந்து பார்த்து நல்லது எனத் தெளியும் இல்லத்தரசிக்கு, அவளுடைய மூக்கே பொய்ச்சாட்சி சொல்லும்.

இதற்கு நிபுணர்கள் ஒரு விடை கூறுவர். படலத்திலுள்ள பொருள்கள் நோய்க்கிருமிகளையும் தடுக்கின்றனவே. நைசின் லிஸ்டீரியாவிடத்து வல்லமை உடையதன்றோ என்பர். அது உண்மையே, அந்த உண்மையைச் சோதனையின் அடிப்படையாக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஒரு படலம் இறைச்சியின் ஆயுளை இத்தனை நாள் நீட்டுகிறது என்று அறிவிப்பதற்கு முன், நீட்டிய அந்நாட்களில் நோய்க்கிருமிகள் என்னவாகின்றன என்பதையும் அறிவிக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையையும் நாற்றத்தையும் மட்டும் அளந்து, கூடுதல் நாட்களை வெற்றியாகக் கணக்கிடும் ஆராய்ச்சி முழுமையான ஆராய்ச்சியாகாது. சரியான குளிரில் மட்டுமன்றி, நம் கடைகளில் நேரக் கூடிய உஷ்ண ஏற்ற இறக்கங்களிலும் அதைச் சோதிக்க வேண்டும். பண்ணையிலிருந்து அடுப்பங்கரை வரை குளிர் அறாமல் தொடர்வது கடினமான நாடு நம்முடையது. மின்சாரம் தடைப்பட்ட வேளையிலோ, சிக்கனம் கருதி இரவில் குளிர்பெட்டி நிறுத்தப்பட்ட வேளையிலோ படலம் இறைச்சியைக் காப்பாற்றிவிடும் என எவரும் நம்பிவிடலாகாது. குளிருக்குப் படலம் துணையே அன்றிப் பதிலாகாது.

கிடைத்த நாட்கள் யாருக்கு?

ஒரு படலத்தால் மூன்று நாட்கள் கூடுதலாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மூன்று நாட்களும் எங்கே செலவாகும்? அவை வியாபாரியின் கிடங்கிலேயே கழிந்துவிட்டால், வாங்குவோருக்கு முன்னைவிடப் பழைய இறைச்சி முன்னைப் போன்ற தோற்றத்தோடு கிடைக்கும், அவ்வளவே. வாங்குவோர் வீட்டில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளவும், விற்காத இறைச்சி வீணாகாமல் விலை சற்று இறங்கவும் அவை பயன்பட்டால், விஞ்ஞானத்தின் பயன் மக்களைச் சேர்ந்தது எனலாம். இப்பங்கீட்டை ஆராய்ச்சிச்சாலை தீர்மானிப்பதில்லை; உறையின் மீது எழுதப்படும் சில வரிகளே தீர்மானிக்கின்றன.

நம் நாட்டில் பெரும்பாலோர் இன்றும் தம் கண்முன் அறுத்துத் தரும் கோழியையே விரும்புகின்றனர். இதை அறியாமை எனத் தள்ளிவிடுவது சரியன்று. எப்போது அறுத்தது என்பதைத் தம் கண்ணால் அறிந்துகொள்ளும் உரிமையையே அவர்கள் பேணுகின்றனர். குளிர்பெட்டிக் கோழி அவர்களுடைய நம்பிக்கையைப் பெற வேண்டுமானால், கண் தந்த செய்தியை எழுத்துத் தர வேண்டும். ஆதலின், படலம் போர்த்திய இறைச்சியின் உறையில் பொதிந்த தேதியோடு அறுத்த தேதியும் குறிக்கப்பட வேண்டும்; படலத்தால் நீட்டப்பட்ட நாட்கள் எத்தனை என்பதும் சொல்லப்பட வேண்டும்.

படலம் எதனால் ஆனது என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஜெலட்டின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் மீனிலிருந்தும் பெறப்படுகிறது. கோழி உண்போர் யாவரும் இவை அனைத்தையும் உண்போர் அல்லர்; அவர்களுடைய சமய ஒழுக்கத்தை மதிப்பது சமூகத்தின் கடமை. இறால் முதலியவை ஒவ்வாதவர்கள் கைட்டோசான் என்னும் பெயரைக் கண்டு ஒன்றும் அறியமாட்டார்கள். ஒவ்வாமையை உண்டாக்குவது பெரும்பாலும் இறாலின் புரதமேயாதலால், நன்கு சுத்தம் செய்த கைட்டோசானில் அந்த அபாயம் குறைவு. ஆயினும், இறால் ஓட்டிலிருந்து எடுத்தது என்று நான்கு சொற்களில் எழுதிவிடுவதால் எவருக்கும் இழப்பில்லை.

எந்த மொழியில் எழுதுவது? உணவுப் பொருள்களின் விவரச்சீட்டுப் பற்றிய 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. தடையில்லை என்பது போதாது. படலம் போர்த்திய இறைச்சியைப் பொறுத்தவரையிலாவது, அறுத்த தேதி, படலத்தின் மூலப்பொருள், வைக்க வேண்டிய உஷ்ணநிலை ஆகிய மூன்றையும் விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ விற்கும் கோழியின் உறையில் தமிழும், விசாகப்பட்டினத்தில் விற்கும் கோழியின் உறையில் தெலுங்கும் இருப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றுமில்லை. அறிவு வளர்ந்தும் அது வாங்குவோர் படிக்கும் மொழியில் வந்து சேராவிடில், அவர்களைப் பொறுத்தவரையில் அது வளராததற்குச் சமமே.

எழுத்தறியாதவர்க்கும் ஒரு வழியுண்டு. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். காரத்தன்மை பட்டதும் மஞ்சளிலுள்ள குர்குமின் நிறம் மாறுவதே அதன் காரணம். இறைச்சி கெடும்போது காரத்தன்மையுள்ள ஆவிகள் எழுகின்றன. குர்குமினையோ, சில பூக்கள், பழங்களின் நிறப்பொருளையோ ஏற்ற படலங்கள் அந்த ஆவி பட்டதும் நிறம் மாறி அறிவிக்கும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இந்நிற மாற்றம் நாற்றத்தைப் போன்றே கெடுதலைக் காட்டுவது. நோய்க்கிருமியின் வரவை அது அறிவிக்காது. எனினும், மூக்கை ஏமாற்றக் கூடிய படலம் கண்ணுக்காவது உண்மை சொல்லட்டும். ஆயுளை நீட்டும் படலத்தோடு அடையாளம் காட்டும் படலத்தையும் இணைத்து ஆராய்வது நம் நிலையங்கள் மேற்கொள்ளத்தக்க சிறந்த பணியாகும்.

முடிவாகக் கூறுவோமாக. உண்ணத்தக்க படலம் நல்லதொரு கண்டுபிடிப்பு. கடற்கரையில் நாறிக் கிடக்கும் ஓட்டைப் பயன்படு பொருளாக்கவும், உழைத்து வளர்த்த கோழியின் இறைச்சி வீணாவதைக் குறைக்கவும் அதனால் முடியும். தூய அறுப்புக்கூடமும் அறாத குளிரும் முதலில் அமையட்டும். நோய்க்கிருமிகளை அளந்த சோதனை அடுத்து வரட்டும். அறுத்த நாளும் படலத்தின் பிறப்பும் மக்கள் மொழியில் உறைமீது நிற்கட்டும். இவை அமைந்த இடத்தில் படலம் நல்ல இறைச்சிக்கு மேலும் ஒரு காப்பாகும். இவை இல்லாத இடத்தில் அது பழையதை மறைக்கும் திரையாகவே பயன்படும். இவற்றுள் எதை நாம் பெறப்போகிறோம் என்பது, படலம் கடைகளுக்கு வந்து சேருமுன் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் வாங்குவோரும் எத்தகைய விதிகளைக் கேட்டுப் பெறுகின்றனர் என்பதைப் பொறுத்தது. கேட்பதற்கு உரிய காலம் இதுவே.